அதே இடத்து பேட்டரி ஏன் மறுபடியும் இறங்கியது?

போன வருடம் ஆடி மாதக் கடைசியில், சாயங்காலம் ஆறு மணி வாக்கில், எங்கள் பேட்டரி கார் மேட்டில் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே நான்கு பேர். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். அதில் ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் இறங்கி, சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்திருந்ததை நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது எனக்கு முகமே இல்லை. "பரவாயில்லப்பா, காத்து நல்லா வருது" என்றார். வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள ஒரு முதியோர் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வீடுகள் கீழே, சாப்பாட்டுக் கூடமும் கிளினிக்கும் மேலே. நடுவில் இருநூறு மீட்டருக்கு ஒரு மேடு. அந்த மேட்டுக்காகத்தான் வண்டியே வாங்கினார்கள். கோல்ஃப் மைதானத்துக்கு என்று உருவான வண்டி இது, ஆனால் நம் ஊரில் கோயில், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி என்று எங்கு ஓடினாலும் பேட்டரி கார்தான். எங்களுடையது ஆறு பேர் உட்காரும் 48 வோல்ட் வண்டி. சீட்டுக்கு அடியில் 6 வோல்ட் பேட்டரி எட்டு, ஒன்றன் பின் ஒன்றாக சீரிஸில் கோத்திருக்கும். தண்ணீர் ஊற்றும் வகை, கொள்ளளவு 225 ஆம்பியர் ஹவர்.

வண்டி நின்ற அன்று டேஷ்போர்டில் சார்ஜ் பாதிக்கு மேல் காட்டியது. எனக்கு இடித்தது அதுதான். இன்னொன்றும் இருந்தது. பதினான்கு மாதத்துக்கு முன்பும் இதே மாதிரி வண்டி இழுக்காமல் போய், வெளியிலிருந்து ஆள் வந்து பார்த்து, "ஏழாவது பேட்டரி போயிருச்சு" என்று புதிதாக ஒன்று மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மற்ற ஏழும் வண்டியோடு வந்தவை, மூன்று வருடம் ஓடியவை.

இந்த முறை கேட்டபோது எட்டையும் மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். லட்சத்துக்கு மேல் ஆகும். நிர்வாகத்தில் பணம் கேட்பதற்கு முன்னால் நானே ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் செய்தது ஒன்றும் பெரிய வேலை இல்லை. எட்டு பேட்டரிக்கும் எண் எழுதினேன். மெயின் ப்ளஸ் கேபிள் எங்கே ஆரம்பிக்கிறதோ அது 1, கேபிள் போகிற வழியிலேயே போய் மெயின் மைனஸில் முடிவது 8. பேட்டரி மூடியில் வெள்ளை பெயிண்டால் எழுதிவிட்டேன். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் வரிசையும், மின்சாரம் போகும் வரிசையும் வேறு வேறு. எங்கள் வண்டியில் இடது ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை 1-ம் 5-ம். வரிசை தெரியாமல் அளந்தால் எண்கள் கிடைக்கும், ஆனால் அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்று புலப்படாது.

இரவு முழுக்க சார்ஜ் போட்டு, சார்ஜர் தானாக நின்ற பிறகு ஆறு மணி நேரம் வண்டியைத் தொடாமல் விட்டேன். சார்ஜ் முடிந்த உடனே அளந்தால் வோல்டேஜ் உப்பிக்கொண்டு நிற்கும். செத்த பேட்டரிகூட அப்போது நன்றாகத்தான் காட்டும். அந்த உப்பல் அடங்கிய பிறகு வருவதுதான் உண்மையான எண். காலை பத்து மணிக்கு அளந்தது இது, நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

1 — 6.36
2 — 6.37
3 — 6.35
4 — 6.37
5 — 6.36
6 — 6.35
7 — 6.15
8 — 6.02

கூட்டினால் 50.33. முழு சார்ஜில் உள்ள 48 வோல்ட் செட் ஓய்வில் 50.9 அளவு காட்ட வேண்டும். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டேஷ்போர்டு மீட்டர் பார்ப்பது மொத்தத்தை மட்டும்தான், அதனால் அதன் கண்ணுக்கு எல்லாம் சரி. ஆறு பிள்ளைகள் நன்றாகப் படித்தால் வகுப்பின் சராசரி நன்றாக இருப்பது போல. ஆனால் சீரிஸில் எல்லா பேட்டரியிலும் ஒரே அளவு கரன்ட்தான் ஓடும். பலவீனமானது மற்றவை இறங்குவதற்கு முன்பே தீர்ந்துபோகும். அதன் பிறகும் மற்ற ஏழும் சேர்ந்து அதன் வழியாகக் கரன்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு 6 வோல்ட் பேட்டரிக்குள்ளும் 2 வோல்ட் செல் மூன்று இருக்கும். கடைசியில் அதில் உள்ள பலவீனமான செல் தலைகீழாகத் திரும்பி, வோல்டேஜ் கொடுப்பதற்குப் பதிலாகத் தின்ன ஆரம்பித்துவிடும். அன்று சாயங்காலம் மேட்டில் நடந்தது அதுதான்.

6.37-க்கும் 6.15-க்கும் 0.22 வோல்ட்தானே என்று தோன்றும். ஈய-அமில பேட்டரியில் அது பெரிய இடைவெளி. 6 வோல்ட் பேட்டரியில் 6.37 என்றால் முழு சார்ஜ், 6.05 வந்தால் பாதி. முழுசுக்கும் பாதிக்கும் நடுவில் மொத்தமே 0.32 வோல்ட்தான். அதனால் மல்டிமீட்டரில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கட்டாயம் தெரிய வேண்டும். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருந்தால் அதுவே தப்பாகக் காட்டும், அதையும் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எட்டாவது கீழே இருப்பது எனக்கு ஆச்சரியம் இல்லை, அது பழையது. ஏழாவதுதான் என்னை உட்கார வைத்தது. மற்றவற்றைவிட இரண்டு வருடம் இளையது, போட்டு பதினான்கு மாதம்தான் ஆகிறது. மூன்று வருடம் ஓடிய ஆறு பேட்டரிகள் திடமாக நிற்கும்போது புதியது ஏன் இறங்க வேண்டும்? பேட்டரி மோசமாக வந்திருக்கலாம்தான். ஆனால் போன முறை போனதும் ஏழாவதுதான். அதே இடத்தில் இரண்டாவது பேட்டரியும் போகிறது என்றால் பேட்டரியைச் சந்தேகப்படுவதற்கு முன் அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு பிடி கொடுத்தது தண்ணீர். மூடிகளைத் திறந்து செல் ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா செல்லிலும் தண்ணீர் நன்றாக இறங்கி, தகட்டின் தலை தெரிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஏழிலும் எட்டிலும் மட்டம் கிட்டத்தட்ட போன மாதம் ஊற்றியபோது இருந்த அளவிலேயே இருந்தது. டிரைவர் அண்ணனிடம் கேட்டேன்.

"அது எப்பவுமே அப்படித்தானுங்க தம்பி. அந்தப் பக்கம் ரெண்டும் தண்ணியே கேக்காது. நல்ல பேட்டரிங்க அது ரெண்டும்."

தண்ணீர் கேட்காத பேட்டரி நல்ல பேட்டரி என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன். பேட்டரி முழுதாக நிறைந்த பிறகும் சார்ஜ் போய்க்கொண்டிருந்தால்தான் தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போகும். ஆறும் தண்ணீரைக் குடிக்கின்றன என்றால் அவை தினமும் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகின்றன. இரண்டும் குடிக்கவில்லை என்றால் அவை ஒரு நாளும் நிறையவே இல்லை. சார்ஜரும் டேஷ்போர்டு மாதிரிதான், மொத்த வோல்டேஜைப் பார்த்துத்தான் நிறுத்தும். யார் நிறைந்தார், யார் பசியோடு இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது.

"சரிங்க அண்ணா, எந்தத் தண்ணி ஊத்துறீங்க?" என்றேன்.

"நம்ம குழாய்த் தண்ணிதானுங்க. சிறுவாணித் தண்ணிங்க, அதைவிடச் சுத்தமானது எங்க இருக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை, குடிப்பதற்கு. நாக்குக்கு ருசி தருவதே தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள்தான். பேட்டரிக்கு அந்த உப்பு எதுவும் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரும் போதாது, அதிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். ஊற்றுவதும் சார்ஜ் முடிந்த பிறகுதான், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது மட்டம் உயர்ந்து வெளியே வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம். அன்றிலிருந்து மாறிவிட்டோம். ஆனால் எட்டு பேட்டரிக்கும் அதே குழாய்த் தண்ணீர்தான், இன்னும் சொல்லப்போனால் நன்றாக இருந்த ஆறுதான் அதிகம் குடித்தவை. ஏழும் எட்டும் மட்டும் பசியோடு இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

அடுத்து ஹைட்ரோமீட்டர். செல்லுக்குள் இருக்கும் அமிலத்தை உறிஞ்சி அதன் அடர்த்தியைக் காட்டும், முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கண்ணாடிக் குழாய். சார்ஜ் இறங்க இறங்க அந்த எண்ணும் இறங்கும். வோல்டேஜ் மூன்று செல்லையும் கூட்டித்தான் சொல்லும், ஹைட்ரோமீட்டர் ஒவ்வொரு செல்லையும் தனியாகக் காட்டிக் கொடுக்கும். தண்ணீர் ஊற்றிய உடனே எடுக்கக் கூடாது. மேலே தண்ணீரும் கீழே அமிலமுமாக இருக்கும், ஒரு சார்ஜ் ஏறிக் கலந்த பிறகு எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை உறிஞ்சி விட்டு, மிதவை குழாயில் ஒட்டாமல் நிற்கும்போது கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். நான் பழைய சட்டை ஒன்றை இதற்கென்றே வைத்திருக்கிறேன், அதில் இப்போது பொட்டுப் பொட்டாக ஓட்டைகள்.

1 முதல் 6 வரை எல்லா செல்லும் 1.270-க்கும் 1.280-க்கும் இடையில், அதாவது முழு சார்ஜ். ஏழாவதில் 1.210, 1.205, 1.200. மூன்றும் தாழ்வு, ஆனால் சமமான தாழ்வு. எட்டாவதில் 1.200, 1.195, 1.090.

இந்த இரண்டு வரிசைக்கும் உள்ள வேறுபாடுதான் என் வேலையை மாற்றியது. ஒரே பேட்டரிக்குள் செல்லுக்கு செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தத் தாழ்ந்த செல் கெட்டுப்போகிறது என்று அர்த்தம். எட்டாவதில் 0.110 இருந்தது. ஏழாவதில் அப்படி எதுவும் இல்லை. அது கெட்ட பேட்டரியே இல்லை, பட்டினி கிடந்த பேட்டரி. மல்டிமீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இரண்டையும் ஒரே குப்பையில் போட்டிருப்பேன். 12 வோல்ட் பேட்டரி நான்கு வைத்த வண்டிகளில் இது இன்னும் முக்கியம். ஒரு எண்ணுக்குப் பின்னால் ஆறு செல் ஒளிந்திருக்கும்.

அப்புறம் மேட்டில் சோதனை. ஓய்வில் இருக்கும் பேட்டரி எவ்வளவு சுமக்கும் என்பது இழுக்கச் சொன்னால்தான் தெரியும். இரண்டு நீள ஒயரில் முதலைக் கிளிப் மாட்டி, பேட்டரிப் பக்கம் நடுவில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, சீட்டை மூடிவிட்டு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டேன். ஃபியூஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், சீட்டுக்கு அடியில் ஒயர் நசுங்கினால் தீப்பிடிக்கும். ஒரு பேட்டரிக்கு ஒரு முறை என்று எட்டு முறை மேடு ஏறினோம். தோட்ட வேலை செய்யும் நான்கு பேர் எடைக்காக உட்கார்ந்து வந்தார்கள். கேபிளைக் கவ்வி டிசி கரன்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் மேட்டில் 150 ஆம்பியர் அளவு காட்டியது. கடையில் மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப் மீட்டர் பல ஏசி மட்டும்தான் அளக்கும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

1 முதல் 6 வரை மேட்டில் 5.8 அளவில் நின்றன. ஏழு 5.55. எட்டு 4.7. காலையில் முழு சார்ஜோடு போனபோதே இந்த நிலை.

இதையெல்லாம் கூட்டினால் 45-க்குக் கொஞ்சம் மேல் வர வேண்டும். ஆனால் மெயின் கேபிள் இரண்டிலும் அளந்தால் 44.5-தான் வந்தது. அரை வோல்ட்டுக்கு மேல் எங்கேயோ காணாமல் போகிறது. பேட்டரியில் இல்லை என்றால் பேட்டரிகளுக்கு நடுவில்தான் இருக்க வேண்டும். அடுத்த ஓட்டத்தில் ஒவ்வொரு இணைப்பின் மீதும் மீட்டரை வைத்தேன். ஒரு பேட்டரியில் கேபிள் மாட்டும் ஈயக் குமிழிலிருந்து அடுத்ததன் ஈயக் குமிழ் வரை. நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக் கூடாது. 6-க்கும் 7-க்கும் நடுவில் 0.7 வோல்ட் காட்டியது.

150 ஆம்பியரை 0.7-ஆல் பெருக்கினால் 105 வாட். ஒரு நட்டும் போல்ட்டும் இருக்கும் இடத்தில் நூறு வாட் பல்பு எரிவது போலச் சூடு. கையை அருகில் கொண்டுபோனாலே தெரிந்தது. வண்டியின் டோ–ரன் சுவிட்சை (வண்டியைக் கட்டி இழுக்கும்போது மோட்டார் ஓடாமல் நிறுத்தி வைப்பது) டோவில் போட்டு, மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றி வைத்து, ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டு இணைப்பைக் கழற்றினேன். கேபிள் முனையில் உள்ள செம்பு வளையமான லக்குக்கும் ஈயக் குமிழுக்கும் நடுவில் ஒரு ஸ்டீல் ஸ்பிரிங் வாஷர். ஏழாவதை மாற்றியபோது வைத்தது. வாஷர் லக்குக்கு மேலே, நட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். செம்பு லக் ஈயத்தின் மேல் நேராக முழுப் பரப்போடு உட்கார வேண்டும். இங்கே மொத்தக் கரன்டும் அந்த வாஷர் வளையத்தின் விளிம்பு வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வாஷர் நீலம் பாய்ந்து போயிருந்தது. அதற்கு அடியில் ஈயம் மெழுகு மாதிரி ஒரு பக்கம் இளகி வழிந்து உறைந்திருந்தது. அந்த வாஷரை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என் மேஜையில் வைத்திருக்கிறேன், புதிதாக வரும் பையன்களுக்குக் காட்ட.

குமிழைச் சமப்படுத்தி, எல்லா இணைப்பையும் கழற்றி, பூத்திருந்த வெள்ளையைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி (சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது, மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்), பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி மாட்டி, மேலே வாசலின் தடவினேன். அன்று மாலையே வண்டி மேட்டில் கொஞ்சம் தெம்பாக ஏறியது. டிரைவர் அண்ணன் சந்தோஷப்பட்டார். நான் அங்கேயே நிறுத்தியிருந்தால் இரண்டு மாதத்தில் மறுபடியும் கல்லில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார்.

ஏனென்றால் கெட்ட இணைப்பு வண்டியின் இழுவையைத் திருடும், ஆனால் ஒரு பேட்டரியை மட்டும் பட்டினி போடாது. சீரிஸில் சார்ஜ் கரன்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஏழும் எட்டும் மட்டும் குறைகின்றன என்றால் அந்த இரண்டிலிருந்து மட்டும் யாரோ எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். எட்டாவதின் மைனஸில் பெரிய கேபிளோடு சேர்த்து மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று. ஏழாவதின் ப்ளஸில் மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று. இரண்டும் டேஷ்போர்டுக்கு அடியில் போயின. 6-ம் 6-ம் 12. ஹாரன், முன் விளக்கு, பாட்டுப்பெட்டி, வெயில் காலத்துக்கு வைத்த இரண்டு சின்ன ஃபேன், மொபைல் சார்ஜர், வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர். எல்லாமே காரில் கிடைக்கும் 12 வோல்ட் சாமான்கள். வண்டி வந்த முதல் வருடம் இவற்றை மாட்டியவர் எளிதான வழியில் 12 வோல்ட்டை எடுத்துக்கொண்டார். இப்படி எடுப்பது எங்கும் வழக்கம். நான் பார்த்த வேறு இரண்டு இடத்து வண்டிகளிலும் இப்படித்தான் இருந்தது.

சிவப்பு ஒயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் வைத்தேன். சாவி எடுத்த பிறகும் 0.35 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. சாவி போட்டு, பாட்டு, ஃபேன் எல்லாம் ஓடினால் 2.6. பகலில் ஒன்பது மணி நேரம் 2.6, மீதி பதினைந்து மணி நேரம் 0.35. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 28 ஆம்பியர் ஹவருக்கு மேல். 225-ல் எட்டில் ஒரு பங்கு. மற்ற ஆறும் செய்யும் வேலையைச் செய்துவிட்டு, அதற்கு மேல் இதையும் அந்த இரண்டு மட்டும் தினமும் சுமந்திருக்கின்றன. பாதி நிறைந்த நிலையிலேயே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும், அப்புறம் சார்ஜும் சரியாக ஏறாது. மூன்று வருடத்தில் முதல் ஏழாவது செத்தது, எட்டாவது சாகக் கிடக்கிறது, புதிய ஏழாவது அதே வழியில் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு மருந்து 48-லிருந்து 12 வோல்ட் தரும் டிசி கன்வெர்ட்டர். எட்டும் சேர்ந்த செட்டின் இரு முனையிலும் இணைத்தால் எல்லா பேட்டரியும் சமமாகப் பங்கு தரும். எங்களுக்கு 10 ஆம்பியர் போதும். வாங்கும்போது அது தாங்கும் உச்ச வோல்டேஜைப் பாருங்கள். 48 வோல்ட் செட் சார்ஜ் ஆகும்போது 60-ஐத் தாண்டும், வெறும் 48-க்கு என்று செய்தது அப்போதே எரிந்துவிடும். நான் 72 வோல்ட் வரை தாங்கும் ஒன்றை எடுத்தேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், சாவி எடுத்தால் கன்வெர்ட்டரும் நின்றுவிட ஒரு ரிலே. டிராக்கருக்கு மட்டும் நேர் இணைப்பு வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது, இரவில் வண்டி எங்கும் போவதில்லை என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன்.

பிறகு ஏழையும் எட்டையும் தனியாகக் கழற்றி வைத்து, 6–12 மாற்றிக்கொள்ளும் சார்ஜரில் 10 ஆம்பியரில் மெதுவாக ஏற்றினேன். ஏழாவது இரண்டு இரவு எடுத்துக்கொண்டது. 1.205-லிருந்து 1.225, 1.245, கடைசியில் மூன்று செல்லும் 1.265. எனக்கு ஒரு ஆளைப் பிழைக்க வைத்த மாதிரி இருந்தது. எட்டாவதில் இரண்டு செல் 1.245-க்கு வந்தன. மூன்றாவது 1.150-க்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் ஒரு இரவு கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. சரி என்று விட்டுவிட்டேன்.

அதன் இடத்தில் புதிது போடவில்லை. மூன்று வருட பேட்டரிகளுக்கு நடுவில் புத்தம் புதியதைப் போட்டால் அது மற்றவற்றின் வயதுக்குத் தகுந்தபடியே வேலை செய்து சீக்கிரம் தேயும், போட்ட பணத்துக்குப் பலன் இருக்காது. செட் இளையதாக இருந்தால் புதிது போடலாம். எங்களுடையதற்கு, கோவையில் பேட்டரி சர்வீஸ் செய்யும் கடை ஒன்றில் இதே வகை, இதே ஆம்பியர் ஹவர், கிட்டத்தட்ட இதே வயதுடைய பழைய பேட்டரி ஒன்று கிடைத்தது. ஹைட்ரோமீட்டரைக் கையோடு கொண்டுபோய் மூன்று செல்லையும் அளந்து, 1.265-க்குக் குறையாமல் இருந்ததைப் பார்த்துத்தான் எடுத்தேன். கடைக்காரர் வேடிக்கையாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

எட்டையும் கோத்த பிறகு ஒரு முறை ஈக்வலைசிங் சார்ஜ் கொடுத்தேன். எங்கள் சார்ஜரில் அதற்குத் தனி பட்டன் இருக்கிறது, செட் 62 வோல்ட் வரை போகும். வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக ஏற்றி, பின்தங்கிய செல்களையும் நிறைய வைப்பது. தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு மட்டும்தான் இது. மூடிய ஜெல், ஏஜிஎம் பேட்டரிக்கு இப்படிச் செய்தால் கெட்டுவிடும். ஹைட்ரஜன் நிறைய வரும், அதனால் சீட்டைத் திறந்து வைத்து, ஷெட்டின் கதவுகளையும் திறந்துவிட்டு, பீடி சிகரெட் யாரும் பக்கத்தில் வராமல் நானே உட்கார்ந்திருந்தேன். மணிக்கு ஒரு முறை ஹைட்ரோமீட்டர். மூன்று முறை அளந்தும் எண் ஏறாமல் நின்றதும் நிறுத்தினேன். பேட்டரி 50 டிகிரிக்கு மேல் சுட்டால் இடையிலேயே நிறுத்திவிட வேண்டும்.

என் வண்டியில் இருந்தது உங்கள் வண்டியிலும் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எண்கள் எந்த வடிவத்தில் கோணுகின்றன என்று பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். எட்டும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் பேட்டரியை விட்டுவிட்டு சார்ஜரைப் பாருங்கள், அல்லது சார்ஜ் போடும் நேரம் போதவில்லை. ஏதோ ஒன்று மட்டும் கிட்டத்தட்ட 2 வோல்ட் குறைந்து 4.2 என்று காட்டினால் உள்ளே ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கிறது, அதைக் காப்பாற்ற முடியாது. பக்கத்தில் பக்கத்தில் உள்ள இரண்டு மட்டும் இறங்கினால் மெல்லிய ஒயரைத் தேடுங்கள். 6 வோல்ட் பேட்டரி வண்டியில் இரண்டு, 12 வோல்ட் பேட்டரி வண்டியில் ஒன்றே ஒன்று இப்படி இறங்கும். ஓய்வில் எல்லாம் சரியாக இருந்து மேட்டில் மட்டும் கூட்டல் கணக்கு இடித்தால் நட்டு, லக், கேபிள்.

வண்டி நின்று ஒரு வருடம் ஆகப்போகிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எட்டு எண்ணையும் நோட்டில் எழுதுகிறோம். தண்ணீர் எந்தச் செல்லுக்கு எவ்வளவு என்பதும் அதில் இருக்கும். முதல் இரண்டு மாதம் நான் எழுதினேன், அப்புறம் டிரைவர் அண்ணனே மீட்டரை வாங்கிக்கொண்டார். இந்த மாதம் 1 முதல் 6 வரை எல்லாமே 6.34 அல்லது 6.35. ஏழு 6.36. எட்டு 6.33. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி: "7, 8 ரெண்டும் தண்ணி கேக்குது."